நடுகல்லும் உதிரப்பட்டியும்: கடமையில் உயிர்நீத்த காவலரை நினைவுகொள்ளும் முறைமை

பணியின்போது உயிர்நீத்த காவலர்களுக்கு அவர்களோடு பணியாற்றிய காவலர்களே அஞ்சலி செலுத்தும் நாளாக அக்டோபர் 21ஆம் நாள் இந்தியா முழுவதும் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ‘காவலர் வீரவணக்க நாள்’ என்று வழங்கும் இந்நாளில், சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலக வளாகத்திலும், தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டத் தலைநகரங்களின் ஆயுதப்படை மைதானங்களிலும் நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைக்கப்படுகிறது. காவிரிப் படுகையில் இந்நாள் ஐப்பசி முதல் வாரத்தில் வரும். குறுவை அறுவடை முடிந்து சம்பா, தாளடிப் பயிர்கள் வயலில் நிற்க, மயிலாடுதுறைத் துலா நீராடலுக்கும் தீபாவளிக் கடைத்தெருவுக்கும் இராசராசன் சதயவிழாவுக்கும் பந்தோபஸ்து பிரிக்கப்பட்டுக் காவலர்கள் ஓய்வின்றி அலையும் காலம் அது. அந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு காலைப்பொழுதை இறந்தோருக்கென அவர்கள் ஒதுக்கிக்கொள்கின்றனர்.

சடங்கின் அமைப்பு எளியது. அணிவகுத்து நிற்கும் ஆயுதப்படையினர் ஆணை கேட்டதும் துப்பாக்கியைத் தலைகீழாக்கி, அதன் முனை காலணியின் மேல் படியும்படி நிறுத்தி, அடிக்கட்டையின் மேல் இரு கைகளையும் வைத்துத் தலை கவிழ்ந்து நிற்பர். பகைவரை நோக்க வேண்டிய ஆயுதம் மண்ணை நோக்குவது துயரத்தின் அடையாளம். ஊதுகொம்பில் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்னும் இறுதி வணக்க இசை ஒலிக்கும். அவ்வாண்டில் நாடெங்கும் உயிர்நீத்த காவலர்களின் பெயர்கள் படிக்கப்படும். வானை நோக்கிக் குண்டுகள் முழங்கும். பெயர்ப்பட்டியல் படிக்கப்படும் நேரமே சடங்கின் மிக நீண்ட பகுதி. காஷ்மீரிலும் சத்தீஸ்கரிலும் மணிப்பூரிலும் இறந்தவர்களின் பெயர்கள், நாவுக்குப் பழகாத ஒலிகளோடு, ஒரு தமிழ்நாட்டுக் காவல் அதிகாரியின் குரலில் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. மொழியாலும் மாநிலத்தாலும் பிரிந்து கிடக்கும் ஒரு பணியினர் தம்மை ஒரே குடும்பமாக உணரும் தருணம் அது என்பதில் ஐயமில்லை.

இந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அடிப்படை 1959ஆம் ஆண்டு லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் நிகழ்ந்த ஒரு மோதல். திபெத் எல்லையைக் கண்காணிக்கும் பொறுப்பு அப்போது இராணுவத்திடம் அன்றிக் காவல் படையினரிடமே இருந்தது. அக்டோபர் 20ஆம் நாள் வேவுக்குச் சென்ற குழுக்களுள் ஒன்று திரும்பவில்லை. மறுநாள் அவர்களைத் தேடிக் கரம்சிங் என்னும் அதிகாரி தலைமையில் சென்ற காவலர்கள் மீது சீனப் படையினர் மேட்டிலிருந்து சுட்டதில் பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களின் உடல்கள் நவம்பர் 13ஆம் நாள்தான் திருப்பித் தரப்பட்டு அந்தப் பனிமேட்டிலேயே எரியூட்டப்பட்டன. 1960 ஜனவரியில் கூடிய மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு அக்டோபர் 21ஐ நினைவு நாளாக வகுத்தது. இன்று ஹாட் ஸ்பிரிங்ஸை நினைக்கும் எவரும் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு: இறந்தவர்கள் காணாமற்போன தம் தோழர்களைத் தேடிச் சென்றவர்கள். நினைவு நாளின் மூலமே சக காவலர்பால் கொண்ட பொறுப்புத்தான்.

2018ஆம் ஆண்டு அதே நாளில் புதுதில்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. முப்பது அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல் அதன் நடுவே நிற்கிறது. விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 34,844 காவலர்களின் பெயர்கள் அப்போது அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டிருந்தன. இந்தப் பேரெண் மலைக்க வைக்கிறது. அதே வேளையில் ஒரு குறையையும் காட்டிவிடுகிறது. சுவர் பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயருக்குரியவர் எந்தச் சாலையில், எந்த இரவில், யாரைக் காக்கச் சென்று இறந்தார் என்பதைச் சொல்வதில்லை. ஆயுதப்படை மைதானத்தில் படிக்கப்படும் பட்டியலுக்கும் இதே நிலைமைதான். மிக நீண்ட நினைவு மரபுடைய தமிழ்ச் சமூகத்தில் இக்குறை உறுத்தாமல் இருக்க முடியாது.

தமிழர் இறந்த வீரனுக்குக் கல் நட்ட முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது. தக்க கல்லைக் கண்டறிவதிலிருந்து, அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை நீளும் இம்முறையின் தொன்மைக்கு மண்ணிலிருந்தே சான்று கிடைத்தது 2006ஆம் ஆண்டில். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவினர் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று இறந்தவன் பெயர் அந்தவன் என்பதையும், நிகழ்ச்சி கூடலூர் ஆகோள் என்பதையும் குறிக்கிறது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல், அதாவது ஊராரின் கால்நடைகளை ஓட்டிச் செல்லுதல். ஓட்டிச் சென்றவற்றை மீட்கும் போரைப் புறப்பொருள் இலக்கணம் கரந்தை என்று தனியே பெயரிட்டு அழைக்கும்.

பல்லவர் காலத்து நடுகற்கள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள கல், மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டைக் குறித்து, கால்நடைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தியின் பெயரைச் சொல்லி, அவனருகே நின்று இரண்டு கள்ளரைக் கடித்த நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் பதிவு செய்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் காவல் நாயின் பெயரையும் அது கடித்த கள்ளரின் எண்ணிக்கையையும் வருங்காலத்துக்கு விட்டுச் செல்ல வேண்டும் என்று கருதியது. காவல் பணியின் மதிப்பு நுணுக்கங்களில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் வெட்டிய கல் அது. அந்த ஒரு கல்லின் முன் இன்றைய நினைவுச் சுவர்கள் பலவும் வாய்பேசாதவையாகவே தோன்றுகின்றன.

காவிரிப் படுகையில் இத்தகைய கற்கள் அரிது. வண்டல் படிந்த நிலத்தில் பாறை இல்லை. பெரிய கோயிலுக்கே கருங்கல் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறை நிலங்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கல் இல்லாத நாட்டில் நினைவு வேறொரு வடிவம் கொண்டது. அது நிலமாகவும் நெல்லாகவும் எழுதப்பட்டது. போரிலோ ஊர்ப் பூசலிலோ குருதி சிந்தி இறந்தவனுடைய குடும்பத்துக்கு வழங்கப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்கின்றன. உதிரம் குருதி, பட்டி இங்கு நிலத்தைச் சுட்டும். சில நடுகற்களில் இதுவே ‘நெய்த்தோர்ப்பட்டி’ என்று வருகிறது. இறந்தவனைப் புகழ்ந்ததோடு நில்லாமல், அவனை நம்பி இருந்தவர்கள் உண்ண வழி செய்வதும் நினைவின் பகுதியே என்று அக்காலச் சமூகம் கொண்டிருந்த முடிவை இச்சொல் தாங்கி நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் இம்முடிவை நிர்வாக விதியாகவே காட்டுகின்றன. கோயிலைக் காக்கும் ‘திருமெய்காப்பு’ என்னும் காவலரைச் சோழநாட்டு ஊர்கள் பல அனுப்ப வேண்டும் என்றும், அவர்களுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளிக்க வேண்டும் என்றும் ஒரு கல்வெட்டு வகுக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் என்னும் ஆடல் மகளிர், இசைவாணர், கணக்கர் எனக் கோயில் பணியாளரைப் பட்டியலிடும் மற்றொரு கல்வெட்டோ, பங்கு பெறுவோரில் ஒருவர் இறந்தால் அவருக்கு மிக நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அப்பணியைச் செய்யலாம் என்றும், உறவினருக்கு அப்பணி செய்யும் தகுதி இல்லையெனில் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து பணியைச் செய்வித்து நெல்லைத் தாம் பெறலாம் என்றும் கூறுகிறது. அரசுப் பணியில் இருக்கையில் இறந்தவரின் வாரிசுக்கு இன்று வழங்கப்படும் ‘கருணை அடிப்படையிலான பணி நியமனம்’ இதன் தொலைதூர உறவு என்று சொல்லலாம். ஆனால் இராசராசனின் கல்வெட்டில் கருணை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே அது பங்கு, உரிமை.

இதே நிலத்தில் ஊர்க்காவல் நெடுங்காலம் ‘பாடிகாவல்’ என்னும் உரிமையாக நடந்தது. பாடி என்பது குடியிருப்பு. அதனைக் காப்போர் ஊராரிடமிருந்து நெல்லாகக் கூலி பெற்றனர். பிற்காலத்தில், களவு போன பொருளை மீட்டுத் தர முடியாதபோது காவல்காரரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற வழக்கும் இருந்தது. தஞ்சை நாடு 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பின் இம்முறை படிப்படியாகக் குலைந்தது. வரி வசூலுக்காக நடந்த சித்திரவதைகளை விசாரித்த சென்னைக் குழு 1855இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் விளைவுகளுள் ஒன்றாக 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சம்பளம் பெறும் சீருடைக் காவல்துறையை உருவாக்கியது. ஊரார் கூலியில் இருந்த காவல்காரன் இறந்தால் அந்த ஊர் அவனை அறியும். சீருடைக் காவலரோ பிறந்த ஊர் ஒன்று, பணிபுரியும் நிலையம் ஒன்று, இறக்கும் இடம் ஒன்று எனச் சிதறினார். அவரை நினைவில் வைக்கும் பொறுப்பு ஊரிடமிருந்து துறைக்கு மாறியது இவ்வாறுதான்.

இச்சிதறலை ஒரே நிகழ்ச்சியில் காணலாம். திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், 2021 நவம்பர் 21ஆம் நாள் பின்னிரவில் ரோந்தில் இருந்தபோது, ஆடுகளைத் திருடி இருசக்கர வாகனங்களில் சென்றவர்களைக் கண்டு விரட்டினார். காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பிலிருந்து தொடங்கிய அந்த விரட்டல் மாவட்ட எல்லையைக் கடந்து, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரை அடுத்த பள்ளத்துப்பட்டி அருகே முடிந்தது. திருடர்களை அவர் மடக்கினார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களுள் சிறார்களும் இருந்தனர். புலிமான்கோம்பைக் கல்லும் எடுத்தனூர்க் கல்லும் பதிவு செய்த அதே வகைப் பூசலில், ஓர் ஏழைக் குடியானவரின் ஆட்டைக் காக்கச் சென்று, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் ஒரு காவலர் இறந்திருக்கிறார். ஆடு சிறிய உடைமை என்று நகரத்தார் நினைக்கக்கூடும். நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு அதுவே பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும். அந்த உடைமைக்காக நடுநிசியில் தனியே விரைந்தவரின் செயலைச் சிறப்பு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அவர் தனியே விரைந்ததுதான் இதில் ஆராய வேண்டிய செய்தி. அவ்வாண்டு காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு, இரவு ரோந்துக்குச் செல்வோர் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், தற்காப்புக்கு அதனைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார். 2020 ஜனவரி 8ஆம் நாள் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனும் அப்போது அங்கே தனியே பணியில் இருந்தவரே. ஒரு சாவு நிகழ்ந்த விதம் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த அணியினருக்குப் பாடமாகச் சொல்லப்படும்போதுதான் அந்தச் சாவை நினைவுகொள்வதற்குப் பயன் உண்டாகிறது. வீரமரணம் என்ற ஒரு சொல்லால் அனைத்தையும் மூடிவிட்டால், இரண்டு பேர் செல்ல வேண்டிய இடத்துக்கு ஒருவர் ஏன் சென்றார் என்ற கேள்வியும் அந்தச் சொல்லுக்கு அடியிலேயே புதைந்துபோகும்.

உதிரப்பட்டியின் இன்றைய வடிவம் நிவாரணத் தொகை. பூமிநாதன் குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாயும் ஒருவருக்கு அரசுப் பணியும் அறிவித்தது. வில்சன் குடும்பத்துக்கும் ஒரு கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. வில்சன் இறந்த அதே 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில், தூத்துக்குடி மாவட்டம் மணக்கரையில் தேடப்பட்ட ஒருவரைப் பிடிக்கச் சென்று நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்த இளங்காவலர் சுப்பிரமணியன் குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்டது ஐம்பது இலட்சம். இவற்றுள் எதுவும் சிறு தொகை அன்று. அரசு விரைந்து செயல்பட்டதும் உண்மை. ஆயினும் ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனி அறிவிப்பு என்ற நிலை இருக்கும்வரை, செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இடம்பெறாத சாவு பின்தங்கிப்போகும் அச்சம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு பங்குக்கு நூறு கலம் என்று கல்லில் வெட்டிய மண்ணில், கடமையில் இறந்தவரின் குடும்பத்துக்கு உரியது இன்னது என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட விதியாக இருத்தல் முறை.

அரசின் அறிவிப்புக்கு அப்பால், காவலர்கள் தமக்குள்ளேயே நடத்திவரும் ஓர் ஏற்பாடு இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்து ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்களைக் காவல்துறையில் ‘பேட்ச்’ என்பர். ஒரு பேட்சைச் சேர்ந்தவர் இறந்துவிட்டால், மாநிலமெங்கும் பரவிக் கிடக்கும் அந்த பேட்ச் காவலர்கள் ஆளுக்குச் சில நூறு ரூபாய் வீதம் தம் சம்பளத்திலிருந்து போட்டுத் திரட்டி, பிள்ளைகளின் பெயரில் வைப்புத் தொகையாகவோ காப்பீடாகவோ குடும்பத்திடம் நேரில் சென்று ஒப்படைக்கின்றனர். சண்டையில் இறந்தாரா, சாலை விபத்தில் இறந்தாரா, நோயில் இறந்தாரா என்ற வேறுபாட்டை அவர்கள் பார்ப்பதில்லை. இறந்தவர் தங்களோடு கவாத்து மைதானத்தில் நின்றவர் என்ற ஒன்றே போதுமானதாக இருக்கிறது. உதிரப்பட்டி என்ற சொல்லை அறியாமலே அதன் பொருளை நடத்திக்காட்டுவோர் இவர்களே. காவிரிப் படுகையின் நினைவு மரபுக்கு இன்று உயிருள்ள வாரிசு என்று யாரையேனும் சுட்ட வேண்டுமானால் இவர்களைத்தான் சுட்ட வேண்டும்.

அவர்கள் பார்க்காத அந்த வேறுபாடு நினைவுப் பட்டியல்களில் பெரிதாகப் பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பணிக்காலத்தில் இறக்கும் காவலருள் பெரும்பாலோர் குண்டுக்கோ கத்திக்கோ இரையாவதில்லை. நெடுஞ்சாலை விபத்து, மாரடைப்பு, ஓய்வின்மையால் முற்றிய நோய், தற்கொலை என்பனவே பெருங்காரணங்கள். திருவிழாப் பந்தோபஸ்தில் இரண்டு நாள் நின்றுவிட்டு இரவில் வண்டியோட்டி வீடு திரும்பும் வழியில் இறப்பவரைக் கடமையில் இறந்தவர் என்று கொள்வதா என்பது எளிய வினா அன்று. 2021இல்தான் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலானோருக்கு வார விடுமுறை அரசாணையாக வந்தது என்பதை எண்ணினால், அந்த வினாவுக்கு விடை காண்பதில் துறை காட்டும் தயக்கம் நியாயமாகத் தோன்றவில்லை.

நினைவுகொள்வதில் பெரியவர்களின் நிழலில் மறைந்துபோவோரும் உண்டு. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூர்க் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு உயிர்விட்டவர்களுள் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால், ஆய்வாளர் இராஜகுரு, பெண் காவலர் சந்திரா உள்ளிட்ட காவல்துறையினர் ஒன்பது பேர். முன்னாள் பிரதமரின் நினைவிடத்தை அறிந்தோர் பலர். இந்த ஒன்பது பெயர்களையும் சொல்லக் கூடியவர் மிகச் சிலர். இதற்கு மாறாக, 1980 ஆகஸ்டு 6ஆம் நாள், கைதுசெய்யப்பட்டுக் காரில் அழைத்துச் செல்லப்பட்ட தீவிரவாதி ஒருவர் வெடிக்கச் செய்த குண்டில் ஆய்வாளர் பழனிசாமியும் உடனிருந்த காவலர்களும் இறந்த திருப்பத்தூரில், ஆண்டுதோறும் அதே நாளில் தனியே அஞ்சலி செலுத்தப்படுகிறது. அங்கே பெயரோடு நாளும் இடமும் சேர்ந்து நிற்பதால் நாற்பது ஆண்டுகள் கடந்தும் நினைவு தேயவில்லை.

தஞ்சைத் தரணியில் காவலர் நினைவைப் பேசும்போது மற்றொரு நினைவையும் மறைக்காமல் வைக்க வேண்டியுள்ளது. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் உழவர் இயக்கத் தலைவர்களான வாட்டாக்குடி இரணியனும் சாம்பவான் ஓடை சிவராமனும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டதை இப்பகுதி உழைக்கும் மக்கள் மறக்கவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் கூலிக்காகப் போராடிய குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது காவல் எங்கே இருந்தது என்ற கேள்வியும் இன்னும் அணையவில்லை. இந்த நினைவுகளை ஒதுக்கிவிட்டுக் காவலருக்கு எழுப்பும் தூண் துறையின் தூணாகவே நிற்கும். ஊரின் தூணாக மாறாது. ஆட்டுக்காகத் தனியே விரைந்து இறந்த காவலரும், கூலிக்காகப் போராடி எரிந்த குடும்பங்களும் ஒரே வறுமையின் இரு பக்கங்களில் நின்றவர்கள் என்பதை உணரும் மனத்தால்தான் இருவருக்கும் அஞ்சலி செலுத்த முடியும்.

இடத்தோடு நினைவைப் பிணைக்கும் முறைக்கு அயல்நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 1984 ஏப்ரல் 17ஆம் நாள் லண்டனில் லிபியத் தூதரகத்தின் முன் பணியில் இருந்த இவோன் பிளெச்சர் என்னும் இளம் பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, திரைப்பட இயக்குநர் மைக்கேல் வின்னர் ஓர் அறக்கட்டளை தொடங்கி, அவர் விழுந்த அதே சதுக்கத்தில் 1985 பிப்ரவரியில் ஒரு சிறு கல் நாட்டச் செய்தார். காவலர் விழுந்த இடத்திலேயே கல் என்பது அவ்வறக்கட்டளையின் வழக்கமாயிற்று. நடுகல் மரபை அறிந்த தமிழருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. வியப்பு, அந்த மரபுக்கு உரியவர்கள் அதனைத் தம் காவலருக்குப் பொதுவழக்கமாக ஆக்காதிருப்பதில்தான்.

பள்ளத்துப்பட்டிச் சாலையோரத்தில் ஒரு கல் நட அதிகச் செலவு ஆகாது. அதைவிட முதன்மையானது மாவட்டந்தோறும் ஒரு பதிவேடு. காவிரிப் படுகை மாவட்டங்களின் காவல் நிலையங்களில் பணியாற்றி இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பிறந்த ஊர், பணியாற்றிய நிலையங்கள், இறந்த நாளும் இடமும், அன்று அவர் மேற்கொண்டிருந்த வேலை, உடன் இருந்தவர்களின் கூற்று, குடும்பத்துக்குக் கிடைத்ததும் இன்னும் கிடைக்க வேண்டியதும் ஆகியவற்றை எழுதுவது மாவட்டக் காவல்துறையால் இயலும் பணியே. புலிமான்கோம்பைக் கல்லைப் படித்த தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சாவூர் ஆயுதப்படை மைதானத்துக்குச் சிறிது தொலைவில்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற காவலர்களிடமும் இறந்தோரின் துணைவியரிடமும் பெற்றோரிடமும் அமர்ந்து கேட்டு எழுத அதன் கல்வெட்டியல் துறை மாணவர்களைப் பயன்படுத்தலாம். அக்டோபர் 21 காலையில் நாடு முழுவதற்குமான பட்டியல் படித்து முடிந்தபின், அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை, அவ்வாண்டில் புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர் ஒருவர், இறந்தவரின் குடும்பத்தார் முன்னிலையில் முழுமையாகப் படிக்கலாம்; அதற்குப் பத்து நிமிடம் கூடத் தேவைப்படாது.